களத்தாள் இருபத்தேழு

என் நாத்தனார் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள் என்று தெரிந்த அன்றைக்கே எங்கள் குடியிருப்பில் இரண்டு பேர் முழங்கால் வலியைச் சொல்லிக்கொண்டு வந்து நின்றார்கள். "அந்த டாக்டர் இல்லம்மா, இவ ஊர் போடுற டாக்டர்" என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துப்போனது. எந்தப் பக்கம் வீடு இருக்கலாம், எந்தப் பக்கம் ஆலை இருக்கலாம், சாலை எதை ஒட்டிப் போகணும் என்றெல்லாம் படிக்கிற படிப்பு அது. நகர, வட்டாரத் திட்டமிடல் என்று பெயர். "இதையெல்லாம் படிச்சிட்டா போடுறாங்க?" என்று மாடி வீட்டுக்காரர் எங்கள் தெருச் சாக்கடையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். நியாயமான கேள்விதான்.

எனக்குப் படிப்பு வாசனை கிடையாது. காகித வாசனைதான். பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே நகல் எடுத்து பைண்டிங் செய்கிற கடை என்னுடையது. இருபத்தோரு வருடமாக இந்த ஊரின் ஆய்வேடுகளெல்லாம் என் கையால்தான் தைத்து, ஒட்டி, அட்டை போட்டு, முதுகில் தங்க எழுத்து அடித்து வெளியே போகின்றன. அவற்றை யாராவது படித்து நான் பார்த்ததில்லை. இதை நாத்தனாரிடமும் சொன்னேன். "அலமாரியில வைக்கிற புத்தகத்துக்கு எதுக்கு இப்படி உயிரை விடுற?" என்றேன். "நீங்க அட்டையை ஒழுங்கா போடுங்க அண்ணி, போதும்" என்றாள்.

அவளுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. கல்யாணம் வேண்டாம் என்று இருபத்தெட்டில் சொல்லி, சொன்ன சொல்லில் நின்றவள். என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. எங்களோடுதான் இருந்தாள். நகரமைப்பு அலுவலகத்தில் வரைவாளராகச் சேர்ந்து, ஒவ்வொரு படியாக ஏறி, உதவித் திட்டமிடுநர் ஆகியிருந்தாள். அலுவலகத்தில் அவளுக்கு 'அடிஸ்கேல்' என்று பட்டப்பெயர். ஒரு கோடு மயிரிழை தள்ளிப் போயிருந்தாலும் முழுத்தாளையும் மறுபடி வரையச் சொல்வாளாம். வீட்டிலும் அதே கதைதான். நான் மடித்து வைத்த துணியைப் பிரித்து மறுபடி மடிப்பாள். "நீ எனக்கு நாத்தனாரா, இல்ல மாமியாரா?" என்று கேட்பேன். அதற்கும் ஒரு சிரிப்பு. சும்மா சொல்லக்கூடாது, நல்ல பெண். அவளைப் பற்றி இப்படிக் குறை சொல்வதெல்லாம் நான் சொல்லலாம், வேறு யாராவது சொன்னால் விடமாட்டேன்.

மூன்று வருடம் படிப்பு விடுப்பு கிடைத்தது. புறவழிச்சாலைகள் எந்த நிலத்தைத் தேடிப்பிடித்துப் போகின்றன, ஏன் அதையே பிடிக்கின்றன என்பது அவள் தலைப்பு. ஊருக்குக் கிழக்கே கால்வாயை ஒட்டிப் பத்து வருடத்துக்கு முன்னால் தூண் நிறுத்திப் போட்ட சாலையை எடுத்துக்கொண்டாள். அது அவளுடைய கைடு சொன்ன யோசனை. "காலி நிலத்துல போன ரோடும்மா அது. யாரையும் பேட்டி எடுக்க வேண்டியதில்ல. மேப்பை வச்சே முடிச்சிடலாம்" என்றாராம். அவளுக்கு அது சர்க்கரையாக இனித்தது. முன்பின் தெரியாத ஆட்களிடம் பேசுவதென்றால் அவளுக்கு வேப்பங்காய்.

முதல் நாள் அளக்கப் போனாள். பதினொன்றாவது தூணடியில் ஒரு அம்மாள் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். இவள் டேப்பைப் பிடித்துக்கொண்டு நாலு அடி எடுத்து வைத்ததும் அந்த அம்மாள் மெஷினை நிறுத்தினாள்.

"ஏம்மா, எங்க வீட்டுக்குள்ள நின்னுக்கிட்டு என்ன அளக்குற?"

இவள் காலுக்குக் கீழே பார்த்தாளாம். சரளைக் கல்லும் ஒரு உடைந்த பாட்டிலும் கிடந்தன. "இது காலி நிலம்மா. மேப்புல அப்படித்தான் இருக்கு" என்றிருக்கிறாள்.

"அந்த மேப்பைத்தான் பத்து வருஷமா எங்க மூஞ்சிக்கு நேரா நீட்டிக்கிட்டிருக்காங்க" என்றாள் தையல்காரம்மா.

அன்றைக்குத்தான் விஷயம் தெரிந்தது. அந்தத் தூண்களுக்கு அடியில் நாலு தெரு இருந்தது, நூற்று அறுபத்திரண்டு வாசல். சாலை வந்தபோது எல்லாவற்றையும் இடித்தார்கள். மாற்று வீடு கேட்டபோது, சாலைக்குப் பத்து வருடம் முன்பு எடுத்த நிலப் பயன்பாட்டு மேப்பைப் பிரித்துக் காட்டினார்கள். அதில் அந்த இடம் வெள்ளையாக இருந்தது. அப்போது அங்கே வீடே இல்லை, நீங்களெல்லாம் பிறகு வந்து இடம் பிடித்தவர்கள், உங்களுக்கு ஒன்றும் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் ரேஷன் அட்டைகளில் 'கால்வாய்க்கரை' என்று மட்டும்தான் முகவரி. கால்வாய் பதினாலு கிலோமீட்டர் ஓடுகிறது. இரண்டு மேல்முறையீடு தோற்றாயிற்று. மூன்றாவதுதான் கடைசி. மேப் எடுத்த அந்த வருடம் அங்கே வீடு இருந்தது என்று காட்ட நம்புகிற மாதிரி ஒரே ஒரு காகிதம் வேண்டும். அது கிடைத்தால் மாற்று வீடு, கிடைக்காவிட்டால் கதை முடிந்தது.

நாத்தனார் வீட்டுக்கு வந்து கைப்பையைக்கூட வைக்காமல் இதை முழுக்கச் சொன்னாள். "நான் நிரூபிக்கிறேன் அண்ணி" என்றாள். அடிஸ்கேலுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றுதான். எந்த மடையன் பார்க்காமலே வெள்ளை விட்டான் என்று அவள் திட்டியது இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆய்வே தலைகீழாக மாறியது. கைடு முனகினார். அவள் கேட்கவில்லை. இல்லாத தெருவை எப்படி வரைவது என்று யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். அங்கே இருந்தவர்களை ஒவ்வொருவராகக் கூட்டி வந்து, "உங்க வீட்டுக்கு நடந்து போங்க" என்று சொல்வது. அவர்கள் நடக்க நடக்க பின்னாலேயே போய் அளந்து குறித்துக்கொள்வது.

டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று, கடைக்கு விடுமுறையான ஒரு நாள் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். பட்டப்பகல், பதினொரு மணி. மேலே லாரிகள் ஓடிக்கொண்டிருந்தன. சுமை தூக்கும் வேலை செய்த ஒரு பெரிய மனிதர் வெட்டவெளியில் நடந்தார். நேராகப் போகலாம், தடுக்க ஒன்றுமில்லை. அவர் வலப்பக்கம் திரும்பி, பதினேழு அடி போய், இடப்பக்கம் திரும்பினார். ஓரிடத்தில் சட்டென்று தலையைக் குனிந்து, இரண்டடி வைத்து நிமிர்ந்தார்.

"ஏன் குனிஞ்சீங்க?" என்று கேட்டேன்.

"குனிஞ்சேனா?" என்று திகைத்தார். பிறகு நெற்றியைத் தடவிக்கொண்டே, "வாசல் நிலை தாழ்வும்மா. எத்தனை தடவை இடிச்சிருப்பேன்" என்றார்.

இன்னொரு அம்மாள் நடந்துகொண்டே இருந்தவள், காய்ந்த தரையில் புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு ஒரு எட்டு தாண்டினாள். அங்கே வாய்க்கால் இருந்ததாம். எதிரெதிரே வந்த இரண்டு பேர், நாலு பேர் கைகோத்துப் போகலாம் என்கிற அந்த இடத்தில், தோளை ஒருக்களித்து ஒருவருக்கொருவர் வழி விட்டார்கள். சந்து அவ்வளவு குறுகலாம். நான் நின்ற இடம் யார் வீட்டு அடுப்படியோ என்று தோன்றி நகர்ந்தேன். நகர்ந்த இடமும் யாருடையதோ.

அப்புறம் அந்தத் தெருக்கள் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டன. கூடத்துத் தரை முழுக்கப் பெரிய தாளை விரித்து ஒவ்வொரு வாசலாக வரைந்தாள். வீடென்றால் மஞ்சள், கடையென்றால் நீலம். நாங்கள் சுவரோரமாகப் பக்கவாட்டில் நடந்தோம். பேருந்து ஓட்டுகிற என் வீட்டுக்காரர், "ரோட்டுலயும் வளைஞ்சு வளைஞ்சு போறேன், வீட்டுலயும் அதேதானா?" என்றார். ஒருநாள் தாளைச் சுருட்டி வைத்த பிறகும் மூன்று பேரும் சுவரோரமாகவே நடந்துகொண்டிருந்தோம். அவர்தான் முதலில் கவனித்தார். சிரித்தோம். ஆனால் நடுக்கூடத்தில் கால் வைக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

இரண்டாம் வருடம் முடியப்போகிற நேரம். மத்தியானம் மூன்று மணிக்குக் கடைக்கு வந்தாள். வழக்கமாக அந்நேரம் பழைய கோப்புகளைப் பார்க்க அவளுடைய சொந்த அலுவலகத்தின் ஆவண அறையில் இருப்பாள். பேயறைந்த மாதிரி இருந்தாள். காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்தாள்.

"அண்ணி, நான்தான்" என்றாள்.

"என்ன நீதான்?"

"வெள்ளை விட்டது நான்தான்."

மேப் போடும் முன்பு ஆட்கள் தெருத் தெருவாகப் போய், எந்தக் கட்டடம் என்ன என்று ஒரு தாளில் எழுதி வர வேண்டும். அதற்குக் களத்தாள் என்று பெயர். அதன் அடியில் 'நேரில் சென்று சரிபார்க்கப்பட்டது' என்று எழுதி, போனவர் சுருக்கொப்பம் போட வேண்டும். அதைத்தான் அன்று தேடி எடுத்திருக்கிறாள். களத்தாள் இருபத்தேழு. ஒரு புள்ளிகூட இல்லாத வெள்ளைத்தாள். அடியில் இவளுடைய சுருக்கொப்பம்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அது. மார்ச் கடைசி வாரம். பத்துப் பன்னிரண்டு தாள் பாக்கி. கூட வர வேண்டிய மூத்தவர் விடுப்பில் போய்விட்டார். போக முடியாத இடத்துக்குப் பழைய மேப்பில் இருப்பதையே போட்டுவிடு என்பது அந்த அலுவலகத்தில் எழுதாத சட்டம். ஆண்டு முடிவில் எல்லாருமே செய்வதுதான். "கால்வாய்ல பலகைப் பாலம் உடைஞ்சு கிடந்துச்சு அண்ணி. தாண்ட முடியலை. கரையில நின்னு பாத்தேன், மரம்தான் தெரிஞ்சுது. பழைய மேப்புலயும் வெள்ளை. அப்படியே விட்டுட்டேன். அடுத்த தாளுக்குப் போயிட்டேன். இருபது வருஷமா அது ஞாபகத்துலகூட இல்ல."

"எல்லாரும் செய்ததுதானே" என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. "எல்லாரும் செஞ்சது இல்ல, இது நான் செஞ்சது" என்று கத்திவிட்டாள். நகல் எடுக்க நின்ற மாணவிகள் திரும்பிப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு அவள் அவளாக இல்லை. ஒரு மாதம் தூணடிப் பக்கமே போகவில்லை. மத்தியானம் கண்ணயர்ந்தால் வாசல்களை வரிசையாகச் சொல்வாள்: "இஸ்திரிக்காரர் வீடு, படிக்கட்டு வீடு, இரட்டைக் கதவு, தையல்காரம்மா, பூட்டின வீடு..." விழித்துக்கொண்டு, "மெஷின் சத்தம் கேக்குதா அண்ணி?" என்று கேட்பாள். எங்கள் தெருவில் தையல் மெஷின் யாரிடமும் இல்லை. நான் கேட்கவில்லை என்று சொல்வேன். சொல்லிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். ஒருநாள் குளியலறைக்குப் போகிறவள் கதவருகில் தலையைக் குனிந்து நுழைந்தாள். எங்கள் நிலை ஏழடி.

மறுபடி போகத் தொடங்கினாள். வேலையை முடித்தாள். ஆனால் தையல்காரம்மாவிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "ஆய்வேட்டுல எழுதிடுறேன். எழுத்துல இருந்தா அவங்க வழக்குக்கும் உதவும்" என்றாள். எழுதினாள். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். தலைப்பு, 'களத்தாள் இருபத்தேழு: ஒரு குறிப்பு'. பாலம் உடைந்திருந்தது, கடக்க முடியவில்லை, கரையிலிருந்து மரங்களே தெரிந்தன, நேரில் சரிபார்க்காமல் ஒப்பமிட்டது நானே என்று ஒரே பக்கம்.

கைடு தலையில் கை வைத்துக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை அவர். "நீ இன்னும் அரசாங்க வேலையில இருக்கேம்மா. பொய்யா ஒப்பம் போட்டேன்னு நீயே எழுதிக் குடுத்தா வேலையும் போகும், வழக்கும் வரும். வாசல் வரைஞ்ச மேப் இருக்கே, அது போதாதா?" என்றார். போதாது என்றாள். ஜனங்கள் ஞாபகத்தில் சொன்னது என்று தள்ளிவிடுவார்கள், களத்தாள் பொய் என்று சொல்ல அதைப் போட்டவளால் மட்டும்தான் முடியும் என்றாள். அவர் ஒப்பம் போட்டுக் கொடுத்தார்.

ஐந்து பிரதி பைண்டிங்குக்கு என் கடைக்குத்தானே வரும்? வந்தது.

இதை நான் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் அவள் கதையை மட்டும் சொல்லிக்கொண்டு போனால் என்னைப் போல ஒரு கள்ளி இருக்க மாட்டாள். நான் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டேன். ஐந்து பிரதியிலிருந்தும். காலை பத்து மணிக்கு, கடையில் யாரும் இல்லாதபோது. தைக்கும் முன் கட்டை விரலால் பக்க எண்களைத் தள்ளிப் பார்ப்பது என் வழக்கம். இருபத்தோரு வருடத்தில் ஒரு பக்கம் விட்டுப்போய் ஒரு புத்தகம் என் கடையை விட்டுப் போனதில்லை. அன்று இருநூற்றுப் பதினொன்றுக்கு அப்புறம் இருநூற்றுப் பதிமூன்று வந்தது, நான் ஊசியைக் குத்தினேன். யார் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். அவளைக் கூண்டில் நிறுத்திக் கேள்வி கேட்பதைக் கற்பனை செய்து பார்த்தேன், என்னால் தாங்க முடியவில்லை. தையல்காரம்மாவை அந்த நிமிடம் நான் நினைக்கவேயில்லை. அதுதான் உண்மை.

பிரதிகள் கடையிலிருந்தே பல்கலைக்கழகத்துக்குப் போயின. அவள் புரட்டிப் பார்க்கவில்லை. "பாக்கப் பயமா இருக்கு அண்ணி" என்றாள். எனக்கும்தான்.

வாய்மொழித் தேர்வு ஒரு புதன்கிழமை மத்தியானம். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். கடைசி வரிசையில் தையல்காரம்மாவும் பத்துப் பதினைந்து பேரும் துவைத்து மடித்த துணி உடுத்தி வந்திருந்தார்கள். நாத்தனார்தான் அழைத்திருந்தாள். திரையில் நாலு தெருவும் மஞ்சளாக எரிந்தபோது அந்த வரிசையில் ஒரு சலசலப்பு. "அதோ, என் வீடு" என்று யாரோ சத்தமாகவே சொல்லிவிட்டார்கள். நாத்தனார் ஒன்றரை மணி நேரம் நன்றாகப் பேசினாள்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் வெள்ளைத் தலை அம்மாள். புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தார். "பொருளடக்கத்துல களத்தாள் பத்தி ஒரு குறிப்பு போட்டிருக்கீங்க. பக்கம் இருநூத்திப் பன்னிரண்டு. இதுல அந்தப் பக்கம் இல்லையே?"

ஒரு ஆள் படித்திருக்கிறார்! இத்தனை வருடத்தில் ஒரு ஆள், அதுவும் இந்தப் புத்தகத்தையா?

நாத்தனார் பிரதியை வாங்கிப் பார்த்தாள். தலையை நிமிர்த்தி நேராக என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவளே எடுத்துவிட்டாள் என்று கைடு நினைத்திருக்க வேண்டும். நிம்மதியாக, "பைண்டிங்ல விட்டுப்போச்சு போலிருக்கு மேடம். முக்கியமானது இல்ல, அடுத்த கேள்விக்குப் போலாம்" என்றார். போயிருக்கலாம். ஒரு தலையசைப்பு போதும். போடி, தலையை ஆட்டிவிட்டுப் போடி என்று என் மனசு கெஞ்சியது.

"முக்கியமானதுதான் சார். நான் வாயால சொல்லிடுறேன்" என்றாள்.

சொன்னாள். மார்ச் மாதம், பாக்கித் தாள்கள், மூத்தவரின் விடுப்பு, சுருக்கொப்பம். மரங்களே தெரிந்தன என்கிற இடம் வரும் முன்பே கடைசி வரிசையில் தையல்காரம்மா எழுந்து நின்றுவிட்டாள்.

"அது வெள்ளிக்கிழமைதானேம்மா?"

"ஆமா."

"முந்தின நாள் உங்க ஆபீஸ் ஆளு ஒருத்தர் வந்து, நாளைக்கு வீடு எழுத வருவாங்க, எல்லாரும் வீட்டுலயே இருங்கன்னு சொல்லிட்டுப் போனாரு. நாங்க ஒருத்தரும் வேலைக்குப் போகலை. நாலு தெருவும் போகலை. வாசலைக் கூட்டி வச்சிட்டு உக்காந்திருந்தோம். சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தோம். நீங்க வரலை."

"வந்தேன்" என்றாள் நாத்தனார். "கால்வாய் வரைக்கும் வந்தேன். பாலம் உடைஞ்சிருந்துச்சு."

"பாலம் உடைஞ்சுதான் இருந்துச்சு. நாங்க தண்ணியில இறங்கித்தான் வருவோம், போவோம். முழங்கால் அளவுதான். அந்தக் கரையில நின்னா எங்க வீடெல்லாம் தெரியுமே?"

நாத்தனார் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரிஞ்சுது" என்றாள். "கூரையெல்லாம் தெரிஞ்சுது. வாசல்ல ஆளுங்க உக்காந்திருந்தது தெரிஞ்சுது. ஒருத்தர் கையைக்கூட ஆட்டினாங்க. செருப்பைக் கழட்டி, தண்ணியில இறங்கி, நூறு வீட்டை எழுதணுமேன்னு இருந்துச்சு. மணி மூணு ஆயிடுச்சு. திரும்பிட்டேன்."

ஐயோ, அந்தப் பக்கத்தில் அது இல்லை. நான் எடுத்த பக்கத்தில் மரங்கள்தான் இருந்தன. எங்களிடமும் அவள் மரம் என்றுதான் சொன்னாள்.

யாராவது கத்துவார்கள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தையல்காரம்மா முன்னால் நடந்து வந்தாள். "இதை எழுதிக் குடுங்க" என்றாள். நாத்தனார் அங்கேயே, தேர்வாளர் நீட்டிய தாளில், தெரிந்ததை எல்லாம் எழுதினாள். நாள் போட்டு முழுக் கையெழுத்துப் போட்டாள். தையல்காரம்மா அதைக் கண்ணுக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, சுற்றுமுற்றும் தேடி, பக்கத்தில் நின்ற என்னிடம் நீட்டினாள். "கண்ணாடி கொண்டு வரலை. படிச்சுக் காட்டுங்க."

ஊரில் வேறு ஆளா இல்லை? என்னிடமா நீட்ட வேண்டும்? படித்தேன். 'அக்கரையில் வீடுகள் தெரிந்தன. வாசல்களில் மக்கள் காத்திருந்தனர்.' பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லையாம். "சத்தமாப் படிங்கம்மா" என்றார்கள். மறுபடி முதலிலிருந்து படித்தேன். தையல்காரம்மா தாளை வாங்கி நாலாக மடித்துக்கொண்டு, நாத்தனாரைப் பார்க்காமலே வெளியே போனாள். அவள் பின்னால் எல்லாரும் போனார்கள்.

அந்தத் தாள் மேல்முறையீட்டில் எடுபட்டது. நாலு தெருவும் இருந்தன என்று ஆணை வந்தது. ஊரின் மறுகோடியில் அடுக்குமாடியில் வீடுகள் ஒதுக்கினார்கள். இடையில் செத்துப்போன முப்பத்தோரு பேரின் வாரிசுகளைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். தையல்காரம்மாவுக்கு நாலாவது மாடி. நாத்தனாரை ஒருமுறைகூடப் பார்க்க வரவில்லை. வரவேண்டும் என்று யார் கேட்க முடியும்? பட்டம் தருகிறோம் என்று பல்கலைக்கழகம் எழுதிவிட்டது. அலுவலகம் பணியிடைநீக்கத்தில் வைத்து விசாரணை நடத்துகிறது. இவள் இப்போது பகலெல்லாம் என் கடையில்தான் இருக்கிறாள். அவள் அடுக்குகிற தாளில் ஒரு இழை பிசகாது.

பக்கத்தை எடுத்தது நான் என்று அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் வாய்விட்டுச் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. போன வாரம், காலையில், இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். "நான்தான் எடுத்தேன். உன்னைக் காப்பாத்துறதா நினைச்சேன். என்னைத் திட்டு, அடி, ஏதாவது செய். இப்படிப் பேசாம இருக்காத."

அவள் நூலை இழுத்து முடிச்சுப் போட்டாள்.

"அந்தப் பக்கம் உள்ள இருந்திருந்தா அந்தம்மா அதைப் படிச்சிருப்பாங்க அண்ணி. பாவம், பாலம் உடைஞ்சு கிடந்துச்சு, மரம் மறைச்சிருச்சு, இவதான் என்ன பண்ணுவான்னு என்னை மன்னிச்சிருப்பாங்க" என்றாள். "நானும் அந்த மன்னிப்பை வாங்கிக்கிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன்."

பிறகு அடுத்த புத்தகத்தை எடுத்து, பக்க எண்களைத் தள்ளிப் பார்க்கத் தொடங்கினாள்.